மலையேறிய மல்லி

ரிங்லெட்டில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது வயது நிறைந்தபோது, பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இளஞ்சிவப்புக் கார்னேஷன், இரண்டு டஜன். காரின் பின்பெட்டியில் பூவை வைத்து, பக்கத்திலேயே அத்தைக்குப் பிடித்த ரஸ்தாளிப் பழம் ஒரு சீப்பையும் வைத்து மூடினேன். பாலம் தாண்டி, நெடுஞ்சாலை பிடித்து, ஈப்போவில் நண்பர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் தாப்பாவில் திரும்பி மலையேறினேன். அத்தை வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்தால், பூவெல்லாம் இதழ் ஓரத்தை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு தூங்கி வழிந்தது. பழம் மட்டும் கமகமவென்று பழுத்திருந்தது.

அத்தை பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்டா, இங்க இல்லாத பூவா? இங்கருந்து எறங்கிப் போன பூவத்தான் நீ காசு குடுத்து வாங்கி மறுபடியும் ஏத்திக்கிட்டு வந்திருக்க. ரெண்டு மொழம் மல்லி வாங்கியாந்திருக்கக் கூடாதா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறுபவர்களுக்கு முதலில் வரும் சிற்றூர் ரிங்லெட். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். மின்சாரத்துக்காகப் பெர்த்தாம் ஆற்றைச் சுல்தான் அபு பக்கார் அணை மறித்தபோது, 1960களில் உண்டான ஏரி ஊரை ஒட்டிக் கிடக்கிறது. அதைச் சுற்றியும் அதற்கு மேலேயும் மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைகள். சிலவற்றில் காய்கறி, சிலவற்றில் பூ. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதைதான் என்னுடையது.

அத்தை சொன்ன குறை அப்போதே புரிந்துவிட்டது. பூ ஏன் தூங்கிற்று என்பதுதான் புரியவில்லை. அதைத் தேடிப் போனதில், பூ அனுப்புவதைப் பற்றி நான் நினைத்திருந்தது பாதிக்கு மேல் தப்பு என்று தெரிந்தது.

வரவு நின்ற வீடு

பறித்த பூவை நாம் அழகான பிணமாகத்தான் நினைக்கிறோம். அது உயிரோடு இருக்கிறது. நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. செடியில் இருந்தவரை இலை சர்க்கரை அனுப்பியது, வேர் தண்ணீர் அனுப்பியது. காம்பை வெட்டிய நொடியில் இரண்டும் நின்றன. சம்பளம் நின்றுபோன வீடு கையிருப்பை வைத்துக் காலம் தள்ளுவதைப்போல, இனி அந்தப் பூவுக்குச் செலவு மட்டும்தான். கையிருப்பு தீரும்வரை அது பூ. பிறகு குப்பை.

செலவின் வேகத்தை முடிவு செய்வது வெப்பம். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால், உயிருள்ள திசுக்களின் மூச்சு பொதுவாக இரண்டு மூன்று மடங்கு வேகம் பிடிக்கும். பூக்களில் சில இதைவிட மோசம். கார்னேஷனை அளந்து பார்த்தவர்கள், 0 டிகிரியில் இருப்பதைவிட 20 டிகிரியில் அது இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் மூச்சு விடுவதைக் கண்டார்கள். குளிரில் ஒரு நாள் முழுக்கச் செலவாகும் கையிருப்பு, சாதாரண அறையில் ஒரு மணி நேரம் சொச்சத்தில் கரைந்துவிடும் என்று அர்த்தம். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டி எவ்வளவு சூடாகும் என்பதை பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பூவை எடுத்துப்போகவில்லை, வழியெல்லாம் எரித்துக்கொண்டே போயிருக்கிறேன்.

பூக்கட்டுபவர்களிடம் இதற்கு ஒரு சொல் உண்டு. மூட்டையில் அமுக்கிக் கட்டிய உதிரிப்பூவை நெடுநேரம் கழித்துப் பிரித்து, நடுவில் கைவிட்டால் சூடாக இருக்கும். நிறம் பழுத்து, துவண்டு, ஒரு மாதிரி வாடை அடிக்கும். "பூ அவிஞ்சு போச்சு" என்பார்கள். உவமைக்காகச் சொல்வதில்லை, நடப்பதே அதுதான். ஒவ்வொரு மொட்டும் விடும் மூச்சின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மூட்டைக்குள் தங்குகிறது. அந்த வெப்பம் மூச்சை இன்னும் விரட்டுகிறது. விரட்டிய மூச்சு இன்னும் வெப்பத்தைக் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் பூ தன் சூட்டிலேயே வேகிறது. உலகெங்கும் பூ வணிகர்கள் குளிரூட்டிக்காகச் செலவழிக்கும் பணமெல்லாம் இந்த 'அவிவதை'த் தடுக்கத்தான்.

ஆகவே, பூ அனுப்புகிறவர் உண்மையில் அனுப்புவது அந்தப் பூவின் மிச்ச நேரத்தை. வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும்போது அதில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதே கணக்கு.

உயரம் தரும் சேமிப்பு

ஜார்ஜ்டவுனில் இருப்பவர்கள் இந்தக் கணக்கின் மறுபக்கத்தை மலை ரயிலில் ஏறியே பார்த்துவிடலாம். 1923 முதல் கொடிமலைக்கு ரயில் ஓடுகிறது. மலையின் உச்சி 833 மீட்டர். கீழே சட்டை நனைந்தவர் மேலே இறங்கியதும் கையைக் கட்டிக்கொள்வார். ஐந்து டிகிரி குறைந்திருக்கும். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. மேலெழும் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு ஆறரை டிகிரி. ஜார்ஜ்டவுனின் 28 டிகிரி ரிங்லெட்டில் 21 ஆகிறது. இன்னும் மேலே, 1,500 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங்கில் 18.

இந்தக் குளிரால் பூவுக்கு என்ன லாபம்? பகலில் இலை சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைக்கிறது. இரவில் சமையல் கிடையாது, மூச்சு மட்டும் உண்டு. சமவெளியின் புழுக்கமான இரவில், பகலெல்லாம் சேர்த்ததில் கணிசமான பங்கை மூச்சே தின்றுவிடும். மலையின் குளிர்ந்த இரவில் அது மிச்சப்படுகிறது. மிச்சம் தடித்த காம்பாகவும் பருத்த மொட்டாகவும் அடுக்கடுக்கான இதழாகவும் சேர்கிறது. மலைப்பூ வெட்டப்படும்போதே பெரிய கையிருப்போடு புறப்படுகிறது.

உலக வரைபடத்தை விரித்துப் பெரிய பூந்தோட்டங்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். கொலம்பியாவில் 2,600 மீட்டர் உயரத்துப் பொகோட்டா சமவெளி. கென்யாவில் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் நைவாஷா ஏரிக்கரை. அங்கே வெட்டிய ரோஜா விமானமேறி நெதர்லாந்துச் சந்தைக்குப் போகிறது. மலேசியாவில் கேமரன் மலை. தமிழ்நாட்டில் ரோஜாவுக்குப் பெயர்பெற்ற ஓசூரும் மேட்டுநிலம்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்தால் ஆண்டு முழுவதும் வெளிச்சம் ஒரே அளவாகக் கிடைக்கும். உயரத்தில் இருந்தால் இரவு குளிரும். இரண்டும் ஒன்றுசேரும் இடம் பூமியில் குறைவு. சேரும் இடமெல்லாம் பூக்காடாகிவிட்டது.

ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே அளவு பகல் இருப்பதில் செவ்வந்திக்கு மட்டும் ஒரு சிக்கல். சில செடிகள் எப்போது பூப்பது என்பதைப் பகல் இரவின் நீளத்தை அளந்து முடிவு செய்கின்றன என்று 1920இல் அமெரிக்காவின் கார்னரும் ஆலர்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். செவ்வந்தி நீண்ட இரவு வந்தால் பூக்கும் இனம். கேமரன் மலையிலோ தினமும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர இரவு. நாற்று நட்டதும், அரை அடி வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். குட்டைக் காம்புச் செவ்வந்தியை யார் வாங்குவார்? அதனால் தோட்டக்காரர்கள் இரவில் விளக்குப் போட்டு, இரவைத் துண்டாக்கிவிடுகிறார்கள். செடி 'இன்னும் இரவு நீளவில்லை' என்று ஏமாந்து உயரமாக வளர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்தால், சில வாரங்களில் பூ. ராத்திரியில் மலையேறுபவர்கள், இருட்டுக்கு நடுவே சரிவு முழுக்க மஞ்சளாக ஒளிர்வதைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைப்பதுண்டு. செவ்வந்தியைத் தூங்கவிடாமல் செய்யும் விளக்குகள் அவை. அந்தச் செவ்வந்தியில் பெரும்பகுதி ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. அங்கே முன்னோர் வழிபாட்டுக்கும் கல்லறைக்கும் அதுதான் பூ. ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் கல்லறை வழிபாடு வந்தால் பினாங்குச் சீனர்களுக்கும் அதுவே.

இத்தனைக்கும் விலை கொடுப்பது ரிங்லெட் ஏரி. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலையில், காட்டை வெட்டிப் படி வைத்து, பிளாஸ்டிக் கூரை போட்டால், தண்ணீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் கூரை வழியாகப் பாய்ந்து, திறந்துகிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போகிறது. அந்த மண்ணெல்லாம் ரிங்லெட் ஏரியில்தான் வந்து படிகிறது. மழை பெய்த மறுநாள் ஏரி பால் தேநீர் நிறத்தில் இருக்கும். வண்டலை வாரிக்கொண்டே இருக்கிறார்கள். அது வந்துகொண்டே இருக்கிறது.

காம்புக்குள் ஒரு கயிறு

காம்போடு வெட்டிய பூவின் அடுத்த கவலை தண்ணீர். வேரிலிருந்து உச்சி இலைவரை தண்ணீரை மேலே தள்ள எந்தப் பம்பும் செடியில் இல்லை. இலையின் துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, பின்னால் இருக்கும் நீரை அது இழுக்கிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், மெல்லிய குழாய்களில் வேர்வரை நீளும் கயிறுபோல அது மேலேறுகிறது. 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. தண்ணீரைக் கயிறாக இழுக்க முடியுமா? முடியும், கயிற்றில் காற்று புகாதவரை.

காம்பை வெட்டும்போது விறைப்பாக இழுபட்டிருந்த அந்தக் கயிறு அறுந்து உள்ளே சுண்டிக்கொள்கிறது. வெட்டுவாயில் காற்று புகுந்து குமிழியாக அடைக்கிறது. பிறகு ஜாடியில் வைத்தாலும் தண்ணீர் ஏறாது. ரோஜா முழுதாக மலரும் முன்பே கழுத்தொடிந்து தொங்குவது பெரும்பாலும் இதனால்தான். தலைக்குத் தண்ணீர் போகவில்லை. வீட்டுக்கு வந்த பூவின் காம்பை, தண்ணீருக்குள் வைத்தபடியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக நறுக்கினால், காற்றடைத்த பகுதி போய்க் கயிறு மறுபடி சேரும். சாய்வாக நறுக்குவதற்குக் காரணம், காம்பின் வாய் ஜாடியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடைபடாமல் இருக்க.

காற்றைவிடப் பெரிய எதிரி பாக்டீரியா. காம்பின் வெட்டிலிருந்து கசியும் சாறே அவற்றுக்கு விருந்து. ஒரே நாளில் பெருகி, பிசுபிசுப்பாகப் படர்ந்து, குழாயின் வாயை மூடிவிடும். தண்ணீரில் மூழ்கிய இலைகள் அழுகினால் இன்னும் வேகம். கடையில் தரும் சின்னப் பொட்டலத்தில் உள்ள தூளில் பொதுவாக மூன்று சங்கதிகள் இருக்கும்: கையிருப்பைக் கூட்டச் சர்க்கரை, நீரைப் புளிப்பாக்க ஓர் அமிலம், பாக்டீரியாவைக் கொல்ல ஒரு மருந்து. பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில துளி குளோராக்ஸ் வெளுப்பான். சர்க்கரையை மட்டும் போட்டுவிட்டு மருந்தை மறந்தால், பூவுக்கு முன்னால் பாக்டீரியா சாப்பிட்டு எழுந்துவிடும்.

ரஸ்தாளி செய்த வேலை

இப்போது என் கார்னேஷனுக்கு வருவோம். சூடு அதைப் பாதி கெடுத்தது. மீதியைக் கெடுத்தது பக்கத்தில் இருந்த வாழைப்பழம்.

பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. இரண்டு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணு. அவ்வளவு சின்ன மூலக்கூறு. ஆனால் செடிகளுக்கு அது ஹார்மோன், 'காலம் முடிந்தது' என்று சொல்லும் ஓலை. 1901இல் ரஷ்யாவின் நெல்யுபோவ், தன் ஆய்வகத்தில் முளைத்த பட்டாணி நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டில் வளர்வதைப் பார்த்து, விளக்கெரிக்கும் வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1908இல் சிகாகோவில் கண்ணாடிக் குடில்களில் வளர்த்த கார்னேஷன்கள் காரணமில்லாமல் வாடின. மொட்டு விரிய மறுத்தது, விரிந்த பூ 'தூங்கியது'. குரோக்கரும் நைட்டும் ஆராய்ந்ததில் அங்கேயும் குற்றவாளி கசிந்த விளக்கு வாயுதான், அதிலிருந்த எத்திலீன்தான். என் பின்பெட்டியில் நடந்தது அதே தூக்கம்.

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே கார்னேஷனுக்கு ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். அதைவிட விபரீதம், ஓலையைப் படித்த பூ தானும் எத்திலீன் விட ஆரம்பிக்கும். ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதும் சாயும். இயற்கையின் கண்ணில் இது விபரீதமே இல்லை. ஆர்க்கிட் பூவில் மகரந்தம் சேர்ந்ததும் அது எத்திலீனைப் பெருக்கிச் சட்டென்று வாடிவிடுகிறது. வந்த வேலை முடிந்தபின் கடையைத் திறந்து வைத்திருப்பது வீண்செலவு.

இதற்கு மாற்றும் கண்டிருக்கிறார்கள். பூவின் செல்லில் எத்திலீன் வந்து உட்காரும் இடத்தில் ஒரு செம்பு அயனி இருக்கிறது. வெள்ளி கலந்த கரைசலைக் கார்னேஷன் காம்பு குடித்தால், செம்பின் இடத்தை வெள்ளி பிடித்துக்கொள்ளும். ஓலை வரும், படிக்க ஆள் இருக்காது. அமெரிக்காவின் வட கரோலினாவில் சிஸ்லரும் பிளாங்கன்ஷிப்பும் கண்டறிந்த '1-எம்சிபி' என்ற வாயுவோ எத்திலீனுக்கு முன்பாகவே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாப் பூவும் இப்படிப் பயப்படுவதில்லை. செவ்வந்திக்கு எத்திலீன் பெரிதாக உறைப்பதில்லை. அதனால்தான் ஜாடியில் வாரக்கணக்கில் நிற்கிறது. கோயிலில் அர்ச்சனைத் தட்டில் பழமும் பூவும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். திறந்த தட்டு, அரை மணி நேரம். வாயு காற்றோடு போய்விடும். மூடிய பெட்டியும் ஓர் இரவும் சேர்ந்தால்தான் ஆபத்து. வீட்டுக் குளிர்பெட்டியில் பழத்தட்டுக்குப் பக்கத்தில் பூவை வைப்பதும் அதே கதை.

தந்தியில் போகாத பூ

தூரத்துக்குப் பூ அனுப்பும் சிக்கலுக்கு மிகப் புத்திசாலித்தனமான தீர்வு ஒன்றை 1910இல் அமெரிக்காவில் சில பூக்கடைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்: பூவை அனுப்பாமல் தந்தியை அனுப்புவது. இந்த ஊர்க் கடையில் பணம் கட்டினால், அந்த ஊர்க் கடைக்காரர் தன்னிடம் உள்ள பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பார். மிச்ச நேரம் வழியில் வீணாவதே இல்லை. இன்று இணையத்தில் நாம் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் அதே ஏற்பாடு. கார்னேஷனுக்கு அது சரி. கேமரன் மலையில் விளைவது அங்கேயே கிடைக்கும்.

மல்லிக்கு அது ஆகாது. குண்டுமல்லி வெயிலின் பிள்ளை. சூடு குறைந்தால் மொட்டு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். மார்கழியில் மதுரைச் சந்தையில் மல்லி விலை எகிறுவது அதனால்தான். ஏரிக்கரைக் குளிரில் இருக்கும் அத்தைக்கு மல்லி வேண்டுமென்றால், கீழே இருந்துதான் போக வேண்டும்.

மல்லிக்கு இன்னொரு சங்கடம், அதற்குக் காம்பே இல்லை. ரோஜாவையும் கார்னேஷனையும் ஜாடியில் வைத்துத் தண்ணீர் காட்டலாம். மல்லியைக் கழுத்தளவில் கிள்ளி நாரில் கட்டுகிறோம். நீரேற வழி கிடையாது. மொட்டுக்குள் இருக்கும் தண்ணீர்தான் மொத்தச் சொத்து. மொட்டு விரிவதற்கே அந்தத் தண்ணீர் வேண்டும். இதழின் செல்கள் சர்க்கரையைப் பெருக்கி, நீரை உள்ளே இழுத்து, உப்பி, ஒன்றையொன்று தள்ளுவதால்தான் இதழ் பிரிகிறது. வழியில் நீரை இழந்த மொட்டு விரியாமலே பழுப்பேறிவிடும்.

ஆனால் மல்லியிடம் ஒரு நல்ல குணமும் இருக்கிறது: நேரம் தவறாது. தமிழில் பூவின் பருவத்துக்கு ஏழு பெயர் உண்டு: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். விடிகாலையில் மொட்டாகப் பறித்த மல்லி அன்று மாலையே மலராகும். மொட்டில் வாசனை மிகக் குறைவு. பென்சைல் அசிட்டேட், லினலூல், இன்டோல் என்று அந்த வாசனையில் அடங்கிய பொருள்களைப் பூ பெரும்பாலும் விரியும்போதுதான் வெளிவிடுகிறது. இன்டோலைத் தனியாக, கெட்டியாக முகர்ந்தால் மலத்தின் நாற்றம். மல்லியில் துளியளவு சேரும்போது அதுவே அந்த ஆழ்ந்த மணம். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் இனத்தின் பழக்கம், பூச்சி வராத கொண்டையிலும் தொடர்கிறது. ஆக, மொட்டாக அனுப்பினால் இன்னும் கிளம்பாத வாசனையை உறையோடு அனுப்புகிறோம். மதுரை, நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து மல்லி மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானத்தில் வருவதும் மொட்டாகத்தான். நெடும்பயணத்தில் மொட்டு முந்தி விரிந்துவிடாமலிருக்கப் போரிக் அமிலக் கரைசலைக்கூடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள்.

ஒரே சரம், இரண்டு ஊர்

இவ்வளவும் தெரிந்தபின் அடுத்த முறை மல்லி வாங்கப் போனேன். ஜார்ஜ்டவுனில் குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கட்டும் அக்கா ஒருவர். மலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "அப்ப விரிஞ்சது வேணாம் தம்பி. அரும்பாப் பார்த்துக் கட்டித் தரேன், அங்க போயி விரியட்டும்" என்றார். நான் மாதக்கணக்கில் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டு விரலால் மொட்டை ஜோடியாக வைத்து, நாரைச் சுற்றி, முடிச்சை இறுக்காமல் இழுத்துக்கொண்டே, "ரொம்ப நெருக்கமாக் கட்டினா அவிஞ்சிரும்" என்றார். காற்று புக இடம் விட்டுக் கட்டிய நான்கு முழம். வாழையிலையில் சுருட்டித் தந்தார்.

வீட்டில் சரத்தை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி சாமி படத்துக்கு. மறுபாதியை நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன். துணியில் ஈரம் இருந்தால் டப்பாவுக்குள் இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும்; மொட்டிலிருந்து நீரை இழுக்க அதற்கு ஆசை இருக்காது. ஐஸ் பெட்டியின் அடியில் ஐஸ் பொட்டலம், அதன்மேல் நாலைந்து செய்தித்தாள், அதன்மேல் டப்பா. பூ பனிக்கட்டியை நேரே தொட்டால் செல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து ஊசியாகக் குத்திச் செல்லின் சவ்வைக் கிழிக்கலாம். உருகியதும் அந்த இடம் கண்ணாடிபோல் ஆகிக் கறுத்துவிடும். ரஸ்தாளி இந்த முறை முன்சீட்டில், என் பக்கத்தில், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு.

ஈப்போவில் தங்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மதியத்துக்குள் ரிங்லெட். அத்தை உடனே டப்பாவைத் திறக்கப் போனார். தடுத்தேன். குளிர்ந்த பூவை ஈரக்காற்றில் திறந்தால், குளிர்பானப் புட்டியின் மேல் முத்து முத்தாக வருமே, அதேபோல இதழெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்; பூஞ்சைக்கு அது போதும். பினாங்குக் காற்றில் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் வியர்க்கும். மலையில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அரை மணி நேரம் மூடியபடியே ஆறவிட்டோம்.

திறந்தால் மொட்டெல்லாம் காலையில் பார்த்ததுபோலவே வெள்ளை முத்தாக இருந்தது. அத்தைக்கு அதிலும் குறை. "என்னடா, வாசமே இல்ல?"

"ராத்திரிக்குப் பாருங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜார்ஜ்டவுன் வீட்டில் நான் நுழைந்தபோது இரவு எட்டரை இருக்கும். சாமி படத்துச் சரம் முழுக்க மலர்ந்து, கூடமெல்லாம் மல்லி. மறுநாள் காலையில் இதழ் ஓரம் பழுப்பேறி, மதியம் செம்மலாகிவிட்டது. அன்று சாயங்காலம் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ராத்திரி ஒன்பது வரைக்கும் பாத்தேன், ஒண்ணும் விரியல. சரி, பூ ஏமாத்திருச்சுன்னு படுத்துட்டேன். பதினோரு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சா, வீடே மணக்குது. இப்பவும் தலையிலதான் வச்சிருக்கேன், இன்னும் வாடல."

என் வீட்டுச் சரத்தை மதியமே குப்பையில் போட்டுவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே செடியின் பூ, ஒரே அக்கா கட்டியது, ஒரே நாள் காலை. 1,100 மீட்டர் உயரம் அத்தைக்குக் கூடுதலாக ஒரு பகல் மல்லி கொடுத்திருந்தது.